நாலு மணி வரைக்கும்

பசுமலை வருவதற்குள் முடிவு பண்ணிவிட வேண்டும். கோரிப்பாளையத்தில் ஏறும்போது மணி ஒன்று இருபது. பசுமலைக்கு எப்படியும் நாற்பது நிமிஷம், சிம்மக்கல்லில் மாட்டிக்கொண்டால் ஐம்பது. இரண்டு மணிக்குள் சொல்லிடுங்க அண்ணி என்று மைதிலி காலையிலேயே போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என் வீட்டுக்காரரின் தங்கைக்குச் சிரிக்காமல் எதையும் கேட்கத் தெரியாது, சிரித்துக்கொண்டே கேட்பவர்களிடம் முடியாது என்று சொல்ல எனக்குத் தெரியாது. திங்கட்கிழமையிலிருந்து அவள் வேலைக்குப் போகிறாள். பள்ளிக்கூட வேன் அவள் மகள் தன்ஷிகாவை இரண்டரை மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகுமாம், அவள் ஏழு மணிக்கு வந்து கூட்டிக்கொள்வாளாம். நான் முடியாது என்றால் இன்று சாயங்காலமே டே கேரில் பெயர் கொடுக்க வேண்டும், நாளைக்கு என்றால் இடம் போய்விடும். நீங்க வீட்லதானே அண்ணி இருக்கீங்க. இருக்கிறேன். அதுதானே பிரச்சினையே. கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்காமலே மகளிர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். மதியம் இந்த வண்டியில் தினமும் ஏறுகிறவள், இடப்பக்கம் மூன்றாவது ஜன்னல், பசுமலை என்று அவருக்கே தெரியும். டிக்கெட்டை மடித்து வளையலுக்குள் செருகிக்கொள்கிறேன். பாலத்துக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் இல்லை, ஆகாயத்தாமரைதான் பச்சையாகக் கிடக்கிறது. கண் எரிகிறது. காலையிலிருந்து இருட்டு அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தால் மதுரை வெயில் மூஞ்சியில் அறைந்துவிட்டுத்தான் என்னவென்று கேட்கும்.

பன்னிரண்டு வருஷமாக அந்த இருட்டு அறைதான். டாக்டர் செங்குட்டுவன் படுத்திருப்பவர்களின் வயிற்றில் பசையைத் தடவிக் கருவியை வைத்து நகர்த்திக்கொண்டே சொல்லுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடிப்பேன். கல்லீரல் நார்மல், பித்தப்பை நார்மல், கணையம் நார்மல். அவர் எல்லாவற்றையும் சொல்லவும் மாட்டார், கோளாறு இருந்தால் அதை மட்டும்தான் வாயைத் திறந்து சொல்லுவார். மீதியெல்லாம் ஏற்கெனவே அடித்து வைத்ததுதான். முந்தின ஆளின் ரிப்போர்ட்டைத் திறப்போம், பெயரை மாற்றுவோம், வயசை மாற்றுவோம், அளவுகளை மாற்றுவோம், புதுசாக ஏதாவது இருந்தால் சேர்ப்போம், அச்சடித்துக் கையெழுத்துக்கு வைப்போம். இந்த ஊரில் எந்த ஸ்கேன் சென்டரிலும் இப்படித்தான். ஒருத்தருடைய வயிற்றின் மேல் இன்னொருத்தருடைய வயிற்றை எழுதிக்கொண்டே போவது. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது வயிறு. போன வருஷம் ஆடி மாசம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இருக்கும், பால்ராஜ் என்று ஒரு பெரியவர் கவரைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டர் ஓரமாக ரொம்ப நேரம் நின்றார். கூட்டம் குறைந்ததும் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "ஏம்மா, எனக்குக் கர்ப்பப்பை நல்லா இருக்குன்னு போட்டிருக்கு. மகன் படிச்சுட்டுச் சிரிக்கிறான். அதை மட்டும் எடுத்துர முடியுமா?" என்றார். கோபப்படவில்லை. தன்மேல் ஏதோ தப்பு இருக்கிற மாதிரி கூச்சப்பட்டார். அவருக்கு முந்தினது ஒரு பெண்ணின் ரிப்போர்ட், அதில் பெயரையும் வயசையும் மாற்றியவள் அந்த ஒரு வரியை எடுக்க மறந்திருக்கிறேன். கூட வேலை பார்க்கிற ரெஜினா சிரித்தாள், டாக்டர் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். இது கண்ணுக்குத் தெரிந்த தப்பு. ஆம்பளைக்குக் கர்ப்பப்பை இருக்காது என்று அவர் மகனுக்கே தெரியும். யாருக்கும் தெரியாத தப்பு எத்தனை போயிருக்கும்?

அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் அந்த வாரத்து ரிப்போர்ட்டையெல்லாம் திறந்து டாக்டரின் குறிப்போடு ஒத்துப் பார்த்தேன். நூற்று எண்பதுக்கு மேல் பார்த்த பிறகு ஒன்று மாட்டியது. விளாங்குடியிலிருந்து வந்த ஒரு பெண், இடது சிறுநீரகத்தில் கல், நான் வலது என்று அடித்திருக்கிறேன். போன் போட்டேன், அவள் இன்னும் பெரிய டாக்டரிடம் போகவில்லை, மாமியாருக்கு முடியவில்லை, அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தாளாம். அந்த மாமியாருக்கு நான் மனசுக்குள் கும்பிடு போட்டேன். மறுநாள் டாக்டரிடம் போய் நின்றேன். சார், என்னால் முழு நாள் முடியவில்லை, மதியத்துக்கு மேல் கண் பார்க்கிறது, மூளைக்குப் போய்ச் சேரவில்லை. வேலையை விடச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு மணி வரைக்கும் வாங்க கோதை, மத்தியானத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். என் வீட்டுக்காரர் ஞானசேகர்கூட ஒன்றும் சொல்லவில்லை. நம்ம ரெண்டு பேருக்குப் போதும், பையன் வேலைக்குப் போய்விட்டான், உடம்பைப் பார்த்துக்கோ என்றார். எல்லாரும் நல்லவர்கள்தான். யாரையாவது கெட்டவர் என்று சொல்ல முடிந்தால் இப்படிப் பேருந்தில் உட்கார்ந்து மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்காது. சிம்மக்கல். நினைத்த மாதிரியே நிற்கிறது. முன்னால் ஒரு மினி லாரி வாழைக்காய்த் தாரை இறக்கிக்கொண்டிருக்கிறது, டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி இருக்கிறார், தாரை இறக்குகிறவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனிடமிருந்து நான் கொஞ்சம் கற்றுக்கொண்டால் தேவலை.

முதல் வாரம் எப்படி இருந்தது. அதை நினைத்தாலே இப்போதும் தூக்கம் வருகிறது. வீட்டுக்கு வந்து சோற்றைச் சூடாக வடித்து, ரசம் மட்டும் வைத்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். டிபன் பாக்ஸில் வியர்த்துப்போன சோற்றையே பன்னிரண்டு வருஷம் தின்றிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. மூன்று மணிக்கு எங்கள் அடுப்படிச் சுவரில் வெயில் சாய்வாக ஒரு கட்டம் போடுகிறது, மூன்றே காலுக்கு அது அஞ்சறைப்பெட்டிக்கு நகர்கிறது, இது எனக்குத் தெரியவே தெரியாது. தரையில் தலைகாணி இல்லாமல் படுத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதாவது யோசித்தேனா என்றால் இல்லை. எட்டு நாள். அப்புறம் மேல் வீட்டுக்காரர் ஒரு கூரியரை வாங்கி வைக்கச் சொன்னார். இதில் என்ன இருக்கிறது, வாங்கி வைத்தேன். அப்புறம் எதிர் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர். அப்புறம் தண்ணீர் லாரி வந்தால் மோட்டார் போடுவது. குடியிருப்பு வாட்ஸ்அப்பில் ஒருத்தர், கோதை அக்கா வீட்ல இருப்பாங்க, அவங்ககிட்டக் குடுத்துருங்க என்று எழுதினார். பதினொரு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஞானசேகர் சட்டையை இஸ்திரிக்காரரிடம் கொடுப்பது அவர் வேலையாக இருந்தது, அது எப்போது என்னிடம் வந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. மாமனாரின் கண் சொட்டு மருந்து வாங்க, மைதிலி பால் வாங்க, மைதிலி தையல் கிளாஸ் போக, பத்து நிமிஷம் பாப்பாவைப் பார்த்துக்கோங்க அண்ணி, அந்தப் பத்து நிமிஷம் ஐந்தரைக்கு முடியும். எல்லாம் சின்னச் சின்ன வேலை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் மறுக்கிற அளவுக்கு எதுவும் இல்லை, அதுதான் அதில் இருக்கிற வினை. டாக்டருக்கு ஒரு நாளில் ஒரு முறை சரி சார் என்பேன். வீட்டில் ஒரு மத்தியானத்தில் பதினாலு சரி. நேற்றைய நாளைத் திறந்து தேதியை மாற்றி இன்றைக்கு என்று வைத்துக்கொள்கிறேன், எடுக்க வேண்டிய வரியை எடுக்காமலே.

ஸ்டேஷன் தாண்டிவிட்டது. பெரியார் பஸ் ஸ்டாண்டில் கூட்டமாக ஏறுகிறார்கள், ஒரு பெண் பூக்கூடையோடு என் பக்கத்தில் உட்காருகிறாள், மல்லிகை வாசம், ஈரத் துணி வாசம். கூடையை மடியில் வைத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொறாமைதான். இரண்டு வாரத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் தூங்கினேன். பழங்காநத்தத்தில் கண்ணை மூடினேன், திறந்தபோது வண்டி திருநகரில் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. யாரும் இல்லை. இன்ஜின் சத்தம் இல்லை. பதறி எழுந்து, மைதிலி, மேல் வீட்டுக்காரர், கேஸ்காரர் என்று ஒவ்வொருத்தர் முகமாக வந்து போக, இறங்கி எதிர்ப் பக்கம் ஓடினேன். வீட்டுக்கு வந்து சாயங்காலம் காபி போடும்போதுதான் கவனித்தேன், தலைவலி இல்லை. ஆறு மாசத்தில் தலைவலி இல்லாத முதல் சாயங்காலம். காசில்லாத டிக்கெட்டில் இருபது நிமிஷத் தூக்கம், எந்த வைத்தியரும் எழுதித் தராத மருந்து. இன்றைக்குக் காலையில் ரெஜினா சும்மா இருக்காமல் பிரஷர் பார்க்கிற பட்டையை என் கையில் சுற்றினாள். நூற்று ஐம்பத்தெட்டு. முழு நாள் வேலை பார்த்தபோது நூற்று நாற்பத்தைந்துதான். "ஏன்க்கா, அரை நாள் வேலைக்கு ஒன்றரை நாள் பிரஷரா?" என்று கேட்டாள். சிரித்தோம். அந்த இடத்தில் சிரிப்பது எங்களுக்குப் பழக்கம்.

சொல்லிப் பார்க்கிறேன். மைதிலி, என்னால முடியாதும்மா. முடியாது என்றால் ஏன் என்பாள். உடம்பு சரியில்லை என்றால் என்ன உடம்புக்கு, டாக்டரைப் பார்த்தீங்களா, நானும் வரவா என்பாள், அந்த அக்கறையும் நிஜம்தான். வேலை இருக்கு என்றால் என்ன வேலை அண்ணி என்பாள். எனக்குக் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும். தனியா இருந்து என்ன செய்வீங்க? ஒன்றும் செய்ய மாட்டேன். சுவரில் வெயில் நகர்வதைப் பார்ப்பேன். இதை வெளியில் சொன்னால் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். ஒரு நோய்க்குப் பெயர் இருக்கிறது, ஒரு வேலைக்குப் பெயர் இருக்கிறது, இதற்கு மட்டும் ஒரு கௌரவமான பெயர் இல்லை, சும்மா என்கிற ஒரு பெயர்தான். ஆறு மாசமாகத் தனியா இருக்கணும் என்கிற அந்த வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி வைத்திருக்கிறேன். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன், காய் நறுக்கும்போது சொல்லிப் பார்த்தேன், ஒருநாள் ஞானசேகரிடம் பாதி சொல்லியும்விட்டேன். என்னங்க, எனக்கு மத்தியானத்துல கொஞ்சம். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே, தூங்கேன், யார் வேண்டாங்கிறா என்றார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது உண்மை. அழைப்பு மணியும் சொல்லவில்லை, அடித்தது, அவ்வளவுதான்.

குழந்தை மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். வெறும் கையோடு வந்து கன்னத்தை என் வயிற்றில் வைத்துக்கொண்டு அத்தை என்று நிற்பாள், உள்ளே என்னவோ இளகும். டாக்டர் விளையாட்டுத்தான் அவளுக்குப் பிடித்தது. நான் தரையில் படுக்க வேண்டும். அவள் ரிமோட்டை எடுத்து என் வயிற்றின் மேல் வைத்து மெதுவாக நகர்த்துவாள், செங்குட்டுவன் சாரைப் பார்த்ததே இல்லை, அவரை மாதிரியே உதட்டைப் பிதுக்குவாள். "அத்தை, மூச்சை இழுத்துப் பிடிங்க. ம்ம். எல்லாம் நார்மல். எந்திரிங்க." நான் கண்ணைத் திறக்காமலே, "இன்னொரு தடவை நல்லாப் பாரு தங்கம், எங்கயாச்சும் வலிக்குது" என்பேன். மறுபடி ரிமோட்டை நகர்த்துவாள். நாலு தடவை, ஐந்து தடவை. அவளுக்கு அலுத்துவிடும், எனக்கு அலுக்காது. ஒரு முறை ஸ்கேன் முடிவதற்குள் நிஜமாகவே கண் அசந்துவிட்டேன். பால்கனிக் கதவு திறந்திருந்தது. மூன்றாவது மாடி. விழித்துப் பார்த்தால் பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் நின்று கீழே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப் போய்த் தூக்கினேன், ஏன் அத்தை அழுறீங்க என்றாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இடது வலது மாறிய ரிப்போர்ட்டைத் திருத்தினேன், இதை எதில் திருத்துவது? களைத்தவளிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள் என்று நானே சொல்ல வேண்டும், அதைச் சொன்னால் அரை நாள் வேலைக்கே இவ்வளவு களைப்பா என்று கேட்பார்கள், கேட்காவிட்டாலும் நினைப்பார்கள். நானே நினைக்கிறேனே. திங்கட்கிழமையிலிருந்து தினமும் இரண்டரைக்கு அந்தப் பால்கனி, அந்தக் கம்பி, என் கண்.

ஆண்டாள்புரம் எப்போது போனது என்று தெரியவில்லை, பழங்காநத்தம் வந்துவிட்டது. கைப்பைக்குள் போன் அதிர்கிறது. மைதிலி. ஒன்று ஐம்பத்திரண்டு. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கிறதே என்று போனிடம் நியாயம் பேசுகிறேன். அதிர்ந்து அதிர்ந்து நிற்கிறது. பூக்காரப் பெண் கண்ணைத் திறக்காமலே கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். எடுக்காமல் விட்டால் நேராக அண்ணனைக் கூப்பிடுவாள், அவர் என்னைக் கூப்பிடுவார், அவர் கேட்டால் நான் சரி என்பேன், முடிந்தது. இந்த வரிசை எனக்கு மனப்பாடம். பைக்காரா. மூலக்கரை. வெயிலில் மலை வெள்ளையாகத் தெரிகிறது. அடுத்த நிறுத்தம் எங்களுடையது. எழுந்துகொள்ள வேண்டும், காலைச் செருப்புக்குள் நுழைக்கிறேன், நுழையவில்லை, வீங்கியிருக்கிறது. மறுபடி அதிர்கிறது. ஞானசேகர்.

"கோதை, மைதிலி கூப்பிட்டாளாமே, எடுக்கலையா? பாப்பா விஷயமாத்தான். சரின்னு சொல்லிடவா?"

"இல்லங்க" என்கிறேன். இல்லை என்ற சொல் அவ்வளவு சுலபமாக வந்ததில் எனக்கே திடுக்கென்கிறது, அடுத்து என்ன வரப்போகிறது என்று நானும் அவரோடு சேர்ந்து காத்திருக்கிறேன். "டாக்டர் இனிமே நாலு மணி வரைக்கும் இருக்கச் சொல்லிட்டார். மத்தியானத்துக்கு ஆள் சரியில்லையாம். இன்னையிலேர்ந்தே."

பொய் என்று தெரிந்துவிட்டது, இதோ கேட்கப் போகிறார், பிரேக் சத்தம், ஹாரன் சத்தம் எல்லாம் கேட்டிருக்கும்.

"சம்பளம் கூட்டித் தர்றாராமா?"

"அதெல்லாம் பேசல."

"நல்ல ஆளு. சரி விடு, அவங்க இருன்னு சொன்னா நாம என்ன பண்ண முடியும். மைதிலிகிட்ட நான் சொல்லிக்கிறேன், டே கேர்லயே இருக்கட்டும். நாலுக்கு மேல வரும்போது நீ பாப்பாவை அப்படியே கூட்டிட்டு வந்துரு, என்ன?"

"சரிங்க."

வைத்துவிட்டார். முக்கால் நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆறு மாசம் திருத்திய என் வாக்கியம் அப்படியே கிடக்கிறது, யாருக்கும் தேவைப்படாமல். ஒரு முதலாளி சும்மா மூன்று மணி நேரத்தை எடுத்துக்கொண்டார் என்றால் வீடு ஒத்துக்கொள்கிறது, கேள்வி இல்லை, வருத்தம்கூட இல்லை. பாவம் செங்குட்டுவன் சார், அவர் தலையில் கட்டிவிட்டேன். நாளைக்கு எங்காவது சார் என் வீட்டுக்காரரைப் பார்த்தால், நாளைக்கு ரெஜினா வீட்டுக்கு வந்தால், யாராவது திருநகரில் என்னைப் பார்த்தால். பார்க்கட்டும். பசுமலை. வண்டி நின்றுவிட்டது, நாலு பேர் இறங்குகிறார்கள், கண்டக்டர் வாயில் விசிலை வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்க்கிறார். "பசுமலைம்மா. இறங்கலையா?" திருநகர் என்று கையை மட்டும் காட்டுகிறேன். அவர் டிக்கெட்டைக் கேட்கவில்லை, விசில் ஊதுகிறார். எங்கள் தெரு முனை, இஸ்திரி வண்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்த எங்கள் குடியிருப்பு, மூன்றாவது மாடியில் நான் காலையில் காயப்போட்ட போர்வை, ஒவ்வொன்றாகப் பின்னால் போகிறது. சந்தோஷப்பட வேண்டும். இரண்டு மணி நேரம் முழுசாக என்னுடையது, கண்ணை மூடினால் போதும். மூடுகிறேன். தூக்கம் வரவில்லை. அவர் குரலையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சம்பளத்தைக் கேட்டார். பாப்பாவைக் கேட்டார். நாலு மணி வரைக்கும் உன்னால முடியுமா கோதை என்று கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் ஏழு மணி வரை இருந்து ஓய்ந்து போய்த்தானே அரை நாள் கேட்டாள் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்கலாம். கேட்டிருந்தால் அந்த நிமிஷமே இறங்கி, வீட்டுக்குப் போய், எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன், பால்கனியைக்கூட. கண் நிறைகிறது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன், பூக்காரப் பெண் தூக்கத்தில் என் தோளில் சாய்கிறாள், சாயட்டும் என்று விடுகிறேன்.

திருப்பரங்குன்றத்தில் அவள் திடுக்கிட்டு விழித்து, கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். என் தோளில் மட்டும் ஈரம். திருநகரில் அதே மரத்தடியில் வண்டி நின்றது, டிரைவர் துண்டை உதறிக்கொண்டு டீக்கடைக்குப் போனார், ஆட்கள் எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. இறங்கி எங்கே போவது என்று தெரியவில்லை. கண்டக்டர் பையைச் சீட்டில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். அழுதிருக்கிறேன் என்பது தெரியாமல் இருக்காது. ஏதாவது கேட்பார், ஏதாவது சொல்ல வேண்டும், இன்னொரு பொய்யைத் தேடினேன்.

"உடம்புக்கு முடியலையாம்மா?" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"வண்டி எடுக்க இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும். ஃபேன் கிடையாது, நிழல்தான். படுக்கிறதுன்னா பின்னாடி நீட்டுச் சீட்டுல படுங்க. யாரும் ஏற மாட்டாங்க, நான் பாத்துக்கிறேன்."

போய்ப் படுத்தேன்.